அக்காவுக்குத் திறக்காத என் கடை

எங்கள் வீட்டு இட்லிப் பொடிக்கு ஒரு கதை உண்டு. நான் கல்யாணமாகிக் கும்பகோணத்துக்கு வந்தபோது, சமையலில் எனக்கு வெந்நீர் வைக்க மட்டும்தான் தெரியும். மாமியாருக்கோ உடம்பு சரியில்லை. பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த என் பெரிய நாத்தனார்தான், நிறைமாத வயிற்றோடு அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "இங்கே பாரும்மா, உளுந்து சிவக்கணும், கருகக் கூடாது. கண்ணை மட்டும் நம்பாதே, மூக்கையும் நம்பு" என்று கற்றுக்கொடுத்தார். அவரை நான் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தப் பொடிதான் இன்று எங்கள் குடும்பத்தைத் தாங்குகிறது. 2020-இல் ஊரடங்கு வந்து என் கணவரின் கடை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, தெருவில் நாலு வீட்டுக்கு இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கூழ் வடாம் என்று செய்து கொடுக்க ஆரம்பித்தேன். 2022-இல் என் அண்ணன் மகன், "அத்தை, வெளியூருக்கும் விற்கலாமே!" என்று இன்டர்நெட்டில் ஒரு கடை போட்டுக் கொடுத்தான். வேண்டியவர்கள் போனில் படத்தைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால், நான் கூரியரில் அனுப்பி வைப்பேன். மொத்தம் 14 வகைப் பண்டங்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திய எனக்கு இன்டர்நெட்டில் ஒரு கடை! பெருமையாக இருக்காதா, சொல்லுங்கள்.

அந்தப் பெருமையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அது மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

2025-ஆம் ஆண்டு ஆடிப் பதினெட்டு முடிந்த மறுநாள், திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தார்.

"அம்மாடி, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஊருக்குப் போயிட்டான். உன் கடையில எனக்கு ரெண்டு பாக்கெட் இட்லிப் பொடி போட்டு விடேன்."

"ஏன்க்கா, நீங்களே போன்ல போடலாமே? கரண்ட் பில்லே நீங்கதானே கட்டறீங்க!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "மத்த சில கடையில வாங்கிடறேன்மா. உன் கடையிலதான் முடியலை."

எனக்குச் சுருக்கென்றது. அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. 'குளுக்கோமா' என்னும் கண் நீர் அழுத்த நோய். தெரியவந்தபோதே காலம் கடந்துவிட்டது. ஆனால் அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. பார்வையற்றவர்களுக்கான வகுப்புக்குப் போய் போன் பழகிக்கொண்டார். எல்லாம் தானே செய்கிறார். அப்படிப்பட்டவர், தான் சொல்லிக் கொடுத்த பொடியைத் தன் தம்பி வீட்டுக் கடையிலே வாங்க முடியாமல், மூன்று வருஷமாகப் பக்கத்து வீட்டுப் பையனைக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்!

"ஏன்க்கா இத்தனை நாளா சொல்லலை?"

"நீ கஷ்டப்பட்டு ஆரம்பிச்ச கடை. நாத்தனார் குறை சொல்றான்னு ஆயிடக் கூடாதே..."

"இனிமே மாசாமாசம் நானே அனுப்பிடறேன். காசெல்லாம் வேண்டாம்."

"அது வேண்டாம்மா" என்றார் அழுத்தமாக. "ஓசியில குடுக்க எல்லாரும் தயாரா இருக்காங்க. கடைக்காரங்களா நெனச்சு விக்கத்தான் ஆளில்லை."

அந்த வார்த்தை இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த வாரமே திருச்சிக்கு பஸ் ஏறினேன்.

அக்காவின் காதுக்குக் கேட்ட கடை

பார்வை இல்லாதவர்கள் போனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களில் பலருக்கு என்னைப் போலவே தெரிந்திருக்காது. ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்' என்றும், ஐபோனில் 'வாய்ஸ் ஓவர்' என்றும் ஒரு வசதி போனோடு சேர்ந்தே வருகிறது. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். கம்ப்யூட்டருக்கு 'என்.வி.டி.ஏ.' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பார்வையில்லாத இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-இல் ஆரம்பித்து உருவாக்கியது அது. இவையெல்லாம் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். டாக்பேக்கில், விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததைப் படிக்கும். வேண்டியது வந்ததும் இரண்டு தரம் தட்டினால் திறக்கும். அவ்வளவுதான்.

அக்கா என் கடையைத் திறந்து எனக்குக் கேட்கிற மாதிரி வைத்தார். விரலைத் தள்ளத் தள்ள அந்தக் குரல் படித்தது:

"படம்... பெயரிடப்படாத பட்டன்... ஐ.எம்.ஜி. பூஜ்யம் நாலு ஏழு இரண்டு... பெயரிடப்படாத பட்டன்... பெயரிடப்படாத பட்டன்..."

இட்லிப் பொடி எங்கே? விலை எங்கே? ஒன்றுமே காணோம்! நான் ஆசை ஆசையாக வாழை இலையில் வைத்து எடுத்த போட்டோக்களெல்லாம் அந்தக் குரலுக்கு வெறும் நம்பர்கள். விலைப்பட்டியலைக் கோலம் போட்ட பார்டரோடு ஒரு படமாகவே செய்து போட்டிருந்தேன். படத்துக்குள் இருந்த எழுத்தை அது படிக்கவே இல்லை.

நடுவில் '10 சதவீதம் தள்ளுபடி' என்று ஒரு பெட்டி குதித்து வந்தது. அதை மூடும் பெருக்கல் குறிக்கும் பெயரில்லை. அக்கா அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். "இதுக்கு மேல நான் ஒருநாளும் போனதில்லை. கதவைத் தட்டிட்டுத் திரும்பிடுவேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர் திரும்பியதும் நானே செய்து பார்த்துவிடுவது என்று என் போனில் டாக்பேக்கைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். போடத் தெரிந்த எனக்கு எடுக்கத் தெரியவில்லை! எதைத் தொட்டாலும் அது பேசுகிறது, திறக்க மாட்டேன் என்கிறது. அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கடைசியில் என் பெண் வந்துதான் காப்பாற்றினாள். நீங்களும் செய்து பார்க்க நினைத்தால், முதலில் நிறுத்துவது எப்படி என்று தெரிந்துகொண்டு பிறகு ஆரம்பியுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் கூட்டுகிற, குறைக்கிற இரண்டு பட்டன்களையும் சேர்த்துச் சில விநாடி அழுத்தினால் நின்றுவிடும்.

அரைமணி நேரம் முயன்றும் என் கடையில் ஒரு பாக்கெட் பொடியை என்னாலேயே வாங்க முடியவில்லை.

என்னென்ன மாற்றினோம்?

அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். முதலில் அவன், "இதெல்லாம் எத்தனை பேர் அத்தை கேட்கப்போறாங்க?" என்றான். அக்காவை அவனோடு போனில் பேசவைத்தேன். அதற்குப் பிறகு அவன் அப்படிக் கேட்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரி செய்தோம். உங்களில் கைவேலை, புடவை, ஊறுகாய் என்று எது விற்பவரானாலும் உதவும் என்பதால் அந்தப் பட்டியலைத் தருகிறேன்.

படங்கள்: ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு வரி விளக்கம் எழுதும் இடம் உண்டு. 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் படிக்கும் குரல் அதைத்தான் சொல்லும். 'பொடி படம்' என்று எழுதினால் போதாது. 'இட்லிப் பொடி, 200 கிராம் பாக்கெட், கரகரப்பாக அரைத்தது' என்று எழுதினேன். புடவை விற்பவர்கள் நிறம், கரை, முந்தானை எல்லாம் எழுத வேண்டும். கடையில் பெரியவர்களுக்கு வாயால் விவரித்துச் சொல்வோம் அல்லவா, அதேதான். இது இன்ஜினீயர் வேலை அல்ல. 14 படத்துக்கும் நானே ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்தேன்.

விலை: படமாக இருந்த விலைப்பட்டியலை எடுத்துவிட்டு, எழுத்தாகவே போட்டோம். கோலம் போயிற்று. விலை புரிந்தது.

பட்டன்கள்: கூடைப் படம், இதயப் படம் என்று இருந்தவற்றுக்கெல்லாம் 'கூடையில் சேர்', 'மூடு' என்று பெயர் வைத்தான். ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டிருந்த குட்டிப் பட்டன்களைப் பெரிதாக்கி இடைவெளி விட்டான். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், மூட்டுவலிக்காரர்களுக்கும் இது பெரிய உதவி. தள்ளுபடிப் பெட்டியை ஒரேயடியாக எடுத்துவிட்டோம்.

நிறம்: வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து என்று நாகரிகமாக வைத்திருந்தோம். பார்வை மங்கியவர்களுக்கு அது தெரியவே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டுமாம். அதை அளந்து சொல்ல இலவச வசதிகள் இருக்கின்றன. கறுப்பு எழுத்துக்கு மாறினோம். இன்னொன்று, சரக்கு இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளி என்று வைத்திருந்தேன். பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் உண்டு. அதுவும் ஆண்களில் அதிகம். இப்போது 'இருக்கிறது', 'தீர்ந்துவிட்டது' என்று எழுத்திலேயே இருக்கிறது.

விலாசம் எழுதும் கட்டங்கள்: கட்டத்துக்குள்ளேயே 'பெயர்', 'பின்கோடு' என்று மங்கலாக எழுதியிருக்கும். எழுத ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும். ஞாபக மறதி உள்ளவர்கள் திணறிப்போவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே நிலையாகப் பெயர் எழுதினோம். தப்பு செய்தால் கட்டம் சிவப்பானது மட்டும் போதாது. 'பின்கோடில் 6 எண்கள் வேண்டும்' என்று காரணத்தைச் சொல்ல வேண்டும்.

புதிர்கள்: கணக்கு ஆரம்பிக்க, 'பஸ் உள்ள படங்களைத் தொடுங்கள்' என்று ஒரு புதிர் வரும். கண் தெரியாதவர் பஸ்ஸை எப்படிப் பார்ப்பார்? கணக்கு ஆரம்பிக்காமலே வாங்கலாம் என்று மாற்றி, அந்தப் புதிரை எடுத்துவிட்டோம்.

பணம்: பணம் கட்டும் பக்கம் நம்முடையது அல்ல, அதை நடத்துபவர்களுடையது. அங்கே ஓ.டி.பி. எண்ணைக் காதால் கேட்டு, திரும்பி வந்து, தட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது என்றார் அக்கா. அதனால் யு.பி.ஐ., பொருள் வந்தபின் கையில் பணம் என்று வேறு வழிகளையும் வைத்தோம். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி இருக்க வேண்டும்.

காது கேளாதவர்கள்: வடாம் பொரிக்கும் முறையை வீடியோவில் பேசியிருந்தேன். இப்போது பேச்சு முழுவதும் கீழே எழுத்தாக ஓடுகிறது. கடையைத் தொடர்புகொள்ள என் போன் நம்பர் மட்டுமே இருந்தது. காது கேளாதவர் போனில் எப்படிப் பேசுவார்? வாட்ஸப்பில் எழுதலாம், இ-மெயில் அனுப்பலாம் என்று சேர்த்தோம்.

எலி இல்லாமல்: கை சரியாக இயங்காத பலர் கம்ப்யூட்டரில் 'மவுஸ்' பிடிக்க முடியாமல் விசைப்பலகையை மட்டும் வைத்தே வேலை செய்கிறார்கள். 'டேப்' விசையைத் தட்டித் தட்டியே ஆரம்பத்திலிருந்து பணம் கட்டுவது வரை போக முடிகிறதா, எங்கே நிற்கிறோம் என்று ஒரு கோடாவது காட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னான். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். சரி செய்தான்.

மொழி: பக்கம் தமிழில் இருந்தாலும், உள்ளே 'இது தமிழ்' என்று குறிக்காவிட்டால் சில சமயம் ஆங்கிலக் குரல் வந்து தமிழை விழுங்கிவிடுகிறது. அதையும் குறித்தான்.

இதெல்லாம் அவன் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. இன்டர்நெட்டுக்கான பொது விதிகளை வகுக்கும் உலக அமைப்பு ஒன்று 1999-லேயே இதற்கு வழிகாட்டி எழுதிவிட்டது. அதன் புதிய பதிப்பு 2023-இல் வந்தது. சாரம் நாலே விஷயம்தான்: எல்லாராலும் உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியிலும் வேலை செய்ய வேண்டும். இவ்வளவு வருஷமாக எழுதி வைத்தது எங்கள் கண்ணில் படவில்லை.

தர்மம் அல்ல, உரிமை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம். அப்போது 1995-ஆம் வருஷத்துச் சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. அது 7 வகைக் குறைபாடுகளைத்தான் சொன்னது. 2016-இல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. அரசாங்கம் மட்டுமல்ல, சேவை தருகிற தனியாரும் எல்லோரும் அணுகும்படி செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

2025 ஏப்ரல் 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும், பார்வையற்றவர் ஒருவரும் வழக்குப் போட்டிருந்தார்கள். பாங்கி போன்ற இடங்களில் ஆளை அடையாளம் காண, 'போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேட்கிறார்களே, சிமிட்ட முடியாதவர்கள் என்ன செய்வது? இந்த மாதிரி டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தருகிற வாழ்வுரிமையில் அடங்கியது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

படித்ததும் அக்கா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. ஓசியில் கொடுப்பது வேறு. கடைக்காரியாக நின்று விற்பது வேறு.

இதில் நமக்கும் லாபம் உண்டு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் போனைத் தட்டும் இளம் தாய்மார்களுக்குப் பெரிய பட்டன் வசதியாக இல்லையா? தொட்டிலில் குழந்தை தூங்கும்போது சத்தமில்லாமல் வீடியோ பார்க்க, கீழே ஓடும் எழுத்து உதவாதா? கறுப்பு எழுத்தை மொட்டை மாடி வெயிலில்கூடப் படிக்கலாம். எழுபது வயது மாமியாரும் கண்ணாடியைத் தேடாமல் படிப்பார். அக்காவுக்காகச் செய்தது எல்லாருக்கும் உதவுகிறது.

நடுவே ஒரு வார்த்தை, சகோதரிகளே! குளுக்கோமா வலியில்லாமல், பெரும்பாலும் ஓர் அறிகுறியும் காட்டாமல் ஓரப் பார்வையிலிருந்து திருட ஆரம்பிக்கும். போன பார்வை திரும்பாது. ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மருந்தால் மீதியைக் காப்பாற்றலாம். 40 வயதைத் தாண்டியவர்கள், முக்கியமாக ரத்த சம்பந்தத்தில் யாருக்காவது இருந்தால், கண் டாக்டரிடம் அழுத்தமும் நரம்பும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். என் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

முதல் ஆர்டர்

புரட்டாசி மாதம் ஒரு நாள் காலை பதினோரு மணி. உளுந்து வறுத்துக்கொண்டிருந்தேன். போன் 'டிங்' என்றது. புது ஆர்டர். இட்லிப் பொடி 2, பருப்புப் பொடி 1. பெயரைப் பார்த்தேன், அக்கா! யார் துணையும் இல்லாமல், தானே விரலைத் தள்ளித் தள்ளி வாங்கிப் பணமும் கட்டியிருக்கிறார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கட்டும்போதுதான் தோன்றியது, எல்லாப் பாக்கெட்டும் ஒரே அளவு ஆயிற்றே, அக்காவுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? இட்லிப் பொடிக்கு ஒரு ரப்பர் பாண்டு, பருப்புப் பொடிக்கு இரண்டு என்று சுற்றினேன். இப்போது விரும்பிக் கேட்கும் எல்லாருக்கும் அப்படியே அனுப்புகிறேன். அதையும் கடையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

நாலாம் நாள் அக்காவிடமிருந்து போன்.

"பார்சல் வந்துடுச்சு. ரப்பர் பாண்டு நல்ல யோசனை. ஆனா..."

"என்னக்கா?"

"இந்தத் தடவை உளுந்து ஒரு சுற்று அதிகமா வறுபட்டிருக்கு. கருகின வாசனை அடிக்குது. காசு குடுத்து வாங்கியிருக்கேன், சொல்லலாம் இல்ல?"

"தாராளமா சொல்லுங்கக்கா!" என்றேன்.

ஆர்டர் வந்த சந்தோஷத்தில் அடுப்பை மறந்து போனில் நின்றவள் நான்தானே! அந்த ஈட்டுப் பொடியில் மிச்சமிருந்ததை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, புதிதாக வறுக்க உட்கார்ந்தேன். இந்தத் தடவை போனைக் கூடத்தில் வைத்துவிட்டேன்.